எட்டுக் கிழமை

பாசையூர்ச் சந்தையில் பதினொரு வருடமாக
மீன் விற்கிறேன்.
என் பூனைக்கு மீன் ஒத்துக்கொள்ளாதாம்.

"இருக்கலாம்" என்றுதான் சொன்னார் மிருக வைத்தியர்.
"கோழியாயும் இருக்கலாம், மாவாயும் இருக்கலாம்.
தெள்ளு இல்லை, பாத்திட்டன்."
மூக்குத்தியின் கழுத்தை விலக்கிக் காட்டினார்:
மயிர் கொட்டி, சொறிந்து சொறிந்து
உரித்த இறாலின் நிறத்தில் தோல்.
இரத்தம் எடுத்துப் பார்க்க ஏலாதோ என்றேன்.
"அதை நம்பேலாது, காசுதான் போகும்.
இதுவரைக்கும் தின்னாத ஒரு இறைச்சி குடு.
அது மட்டும். எட்டுக் கிழமை.
இடையிலை வேறை ஒண்டு வாய்க்குள்ளை போனால்
முதலிலை இருந்து."

ஸ்ரான்லி வீதிக் கடையில், கண்ணாடி அலுமாரிக்குள்,
அவர் துண்டில் எழுதித் தந்த பெயரிலேயே
ஒரு பை இருந்தது.
விலை, இரண்டு நாள் பாரை விற்ற காசு.
கடைப் பொடியன் என் முகத்தைப் பார்த்துவிட்டு
மலிவானதொன்றை எடுத்து நீட்டினான்.
முன்பக்கம் பாய்கிற முயல்.
பின்பக்கத்து எறும்பு எழுத்தைப் போனில் பெரிதாக்கி
இருவருமாக வாசித்தோம்.
சோளம். கோழித்தூள். மீன் எண்ணெய்.
முயல், நூற்றுக்கு நாலு.
"முயல் ஓடிட்டுது அக்கா" என்றான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
நேற்றைய சூரையை நல்ல பக்கம் மேலே தெரிய
நானும் திருப்பி வைத்திருக்கிறேன்.

கடைசியில் பன்றி.
இருதயராசாவிடம் சனிக்கிழமைகளில் ஒரு கிலோ,
கொழுப்பு நீக்கி.
உப்பில்லை, வெங்காயம் இல்லை, உள்ளி இல்லை,
வெறும் தண்ணீரில் அவித்து,
"இறைச்சி மட்டும் காணாது" என்று வைத்தியர் தந்த
தூளில் ஒரு சிட்டிகை.
மூக்குத்தி கிண்ணத்தைப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்,
நான் சீட்டுக்காசோடு ஓடிப்போனவள் மாதிரி.

சந்தைச் சட்டையைக் கிணற்றடியிலேயே கழற்றினேன்.
தேசிக்காய்த் தோலால் கை தேய்த்தேன்,
நகக்கண்ணில் கிடந்த செதிலை ஊசியால் எடுத்தேன்.
அப்படியும் என் விரலை நக்க வந்தாள்.
நாலு வருடம் நக்கின விரல்.
தள்ளிவிட்டேன்.

மூன்றாம் கிழமை, பக்கத்து வீட்டு அன்ரோ
கும்பளாத் தலை ஒன்றை
மதிலுக்கு மேலால் எறிந்திருக்கிறான், பாசத்தில்.
முதலிலிருந்து.
ஒழுங்கையில் எட்டு வீட்டுக்கும் போய்ச் சொன்னேன்.
எமல்டா வீட்டில் தலையாட்டிவிட்டு
கதவைச் சாத்தின பிறகு சிரித்தார்கள்:
"மீன்காரி பூனைக்குப் பண்டி வாங்கிறாளாம்."

கடன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன்.
ஒரு பக்கம் செலவு.
மறுபக்கம், இரவில் அவள் சொறிந்த தரம்:
பதினாலு, பதினொன்று, பதினாறு,
ஒன்பது,
மழை நாளொன்று எண்ணவில்லை, நித்திரையாகிவிட்டேன்,
நாலு.
பிறகு ஒரு கிழமை முழுக்க இரண்டுக்கு மேல் போகவில்லை.
கழுத்தில் புது மயிர்,
பனங்கிழங்குத் தும்பு போல, பிடிக்கக் கூச்சமாயிருந்தது.

"நல்லது" என்றார் வைத்தியர்.
"இனி மீனைத் திரும்பக் குடுத்துப் பார்."
எனக்கு விளங்கவில்லை.
"சொறிஞ்சால் மீன்தான். சொறியாட்டி
கோழியையும் மாவையும் ஒண்டொண்டாய்ப் பாக்கலாம்.
எதெண்டு தெரிஞ்சால்தானே
உன்ரை கைக்கு ஏற்ற பையைத் தெரியலாம்.
காலம் முழுக்கப் பண்டி அவிக்கப் போறியே?"

நியாயம்தான்.
பிழை பிடிக்க ஒரு இடமும் இல்லாத நியாயம்.

இன்று சந்தை முடிந்து வரும்போது
ஒரு சூடை கொண்டு வந்தேன், விரல் நீளம்.
நல்ல மீன். செவுள் சிவப்பு. திருப்பி வைக்கத் தேவையில்லாதது.
அவித்து, முள் எடுத்து, கிண்ணத்தின் ஓரத்தில்.
மூக்குத்தி உள்ளேயிருந்து
வாலை நேராக நிமிர்த்திக்கொண்டு ஓடி வருகிறாள்,
இவ்வளவு நாளும் நான் எங்கேயோ போயிருந்து
இன்றைக்குத்தான் திரும்பி வந்த மாதிரி.

கிண்ணம் இன்னும் என் கையில்.
கையை நான் இன்னும் கழுவவில்லை.